பெரியவர் குரல் கேட்டால் அது பேசாது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த நாற்காலியை மாற்றினாயா இல்லையா?

உன் போன கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், தேதி போடுவேன், அவ்வளவுதான். தேதி மட்டும் போட்ட தாள் நான்கு இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. போனில் என்றால் இரண்டு நிமிட விஷயம். நீ போன் எடுப்பதை விட்டு மூன்று வருஷமாகிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் அக்காவுக்கு மட்டுமில்லை. குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்று பதினைந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிற உளவியல்காரிக்கும் சேர்த்துத்தான்.

பாப்பாவுக்கு இரண்டேகால் வயது. ஒரு சொல் வரவில்லை. காது டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, நன்றாகக் கேட்கிறது. செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருகிறாள், அதுவும் ஜோடி மாறாமல். ஆனால் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். சுகாதார நிலைய நர்ஸம்மா போன வாரம் படப் புத்தகத்தைக் காட்டி, "இது என்ன கண்ணு? இது?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பாப்பா அவளுடைய சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நர்ஸம்மா என்னைப் பார்த்து, "வீட்ல பேசுவீங்கல்ல?" என்று கேட்டாள். பேசுவோம் என்றேன்.

இவர் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். "அவ பேச ஆரம்பிச்சா நம்மள வாய் திறக்க விடமாட்டா, அதுவரைக்கும் நிம்மதியா இருப்போம்"னு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு குழந்தைகளோடு ஒப்பிடக்கூடாதாம். ஒப்பிட எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குழந்தைதான். உன் பெண் வாலு, இருந்த வரைக்கும் வாய் மூடவில்லை. அவளைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துவிடு.

என்ன செய்யலாம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 30

அன்புள்ள தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். முதுகு அப்படியே இருக்கிறது, நாற்காலியும் அப்படியே. மாப்பிள்ளையைக் கையுறை போடாமல் வேலை செய்ய வேண்டாம் என்று சொல். தேதி போட்ட தாள்களை எறியாதே, பாப்பா கிறுக்குவாள்.

கேட்கிறாள், புரிந்துகொள்கிறாள் என்றால் பயப்பட வேண்டாம். சொல் தெரிந்துவிட்டதால் குழந்தை பேச ஆரம்பிப்பதில்லை. தன் முறை வந்துவிட்டது என்று தெரிந்தால் ஆரம்பிக்கும். நீ ஒன்று சொல்கிறாய், நிறுத்துகிறாய், அந்த நிறுத்தத்துக்குள் அவள் வந்து விழுவாள். அந்த நிறுத்தத்தைத்தான் நான் இத்தனை வருஷமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். சின்னத் தலையணை, உள்ளே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. எங்கள் ஆய்வில் தாமதமாகப் பேசுகிற குழந்தைகளுக்காகச் செய்தது. பாப்பா ஏதாவது சத்தம் எழுப்பினால் அது இரண்டு விநாடி பொறுத்து ஒரு குழந்தைக் குரலில் பதில் சொல்லும். பாடுவதில்லை, பாடம் நடத்துவதில்லை. பதிவு செய்த குரலிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்துப் பேசும். தன்னைவிடக் கொஞ்சம் பெரிய குழந்தையிடம் பேசக் குழந்தைகள் கூச்சப்படுவதில்லை.

ஒன்று நினைவில் வைத்துக்கொள். பெரியவர் குரல் கேட்டால் அது பேசாது. பத்து நிமிஷம் அப்படியே இருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறோம். உள்ளே புகுந்து 'இன்னொரு தடவை சொல்லு கண்ணு' என்று அம்மாக்கள் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆகவே பாப்பாவையும் அதையும் அறையில் விட்டுவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வெளியே இரு. ஒட்டுக் கேட்காதே.

வீட்டில் நடக்கும் பேச்சும் அதில் பதிவாகும். மாதம் ஒருமுறை மெமரி கார்டைக் கழற்றி அனுப்பு, புதியது அனுப்புகிறேன்.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு மூன்று நாள் சளி, இப்போது இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தலையணை வந்து பதினாறு நாள். எழுதத் தாமதமானதற்கு இந்தத் தடவை காரணம் இருக்கிறது. நம்பலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நாள் அதன்மேல் உட்கார்ந்தாள், உதைத்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து "ம்" என்று அவள் குரல் வந்தது. கொஞ்சம் நிறுத்தம். மறுபடியும் "ம்". நீ சொன்ன நிறுத்தம் அதுதான் போலிருக்கிறது. அந்த இடத்தில் ஏதோ பேசுகிறது. கதவுவரை வருவதில்லை, மூச்சு மாதிரி ஒரு சத்தம்தான். ஒன்பதாம் நாள் "இங்க" என்றாள். அக்கா, தெளிவாக, "இங்க". நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் திறந்து "என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன். அவள் தலையணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். உன் அம்மாக்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்.

அதற்கப்புறம் "இல்ல", "தா". இவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கேட்கலாமா என்றார். கிடங்கில் லீவு கிடைக்காது, அது வேறு விஷயம்.

ஒரு சின்ன விஷயம். கீழ் வீட்டு டெய்லரம்மா மாடிப்படியில் பார்த்து, "உங்க வீட்ல ஆள் இருக்கீங்களான்னு கதவத் தட்டித்தான் பாக்கணும், அப்படி ஒரு அமைதி. இப்பதான் கொஞ்சம் சத்தம் கேக்குது" என்றாள். பிறகு, "ரெண்டு பொண்ணுங்களா உங்களுக்கு? நான் ஒண்ணுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அவள் தைக்கிற இடம் பாப்பாவின் அறைக்கு நேர் கீழே. ஒன்றுதான் என்றேன். அவள் நம்பினமாதிரி தெரியவில்லை.

கார்டு இத்துடன்.

உன் தங்கை


மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் எல்லோரின் சுகமும் தெரிந்து மகிழ்ச்சி. எனக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன்.

கார்டைக் கேட்டேன். நல்ல முன்னேற்றம். அடுத்த மாதத்துக்குள் "வேணாம்" வரும், பிறகு "என்னுது", பிறகு "அங்க பாரு". அந்த வரிசையில் வரும்.

இன்னொன்றும் இருந்தது. அதை எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெரியவர்கள் குழந்தையிடம் ஒரு நாளில் எத்தனை சொல் பேசுகிறார்கள் என்று நாங்கள் எண்ணுகிறோம். சாதாரண வீடுகளில் ஆயிரக்கணக்கில் வரும். சண்டை போடுகிற வீட்டில் கூடுதலாக வரும். உன் வீட்டில் ஒரு நாள் சராசரி முன்னூற்றுப் பதினொன்று. அதில் நூற்று இருபது மாப்பிள்ளை வீட்டிலிருக்கும் இரண்டு மணி நேரத்தில் வருவது. நீ பேசியதில் பாதிக்குமேல் "வா", "சாப்பிடு", "படு".

காலேஜில் உன்னை வாயாடி என்று கூப்பிடுவார்கள். வாலுவை உன்னிடம் விட்டுப் போகும்போதெல்லாம், திரும்பி வந்து பார்த்தால் அவள் வாயில் உன் பேச்சுத்தான் இருக்கும். என்ன ஆயிற்று உனக்கு?

பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. பேட்டரியை மாற்றிவிடு. கருப்பு மூடியைத் திறந்தால் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பெல்லாம் சரிதான். தூக்கம் மட்டும் சரியில்லை, எனக்கு. உனக்கு வெயில் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை, இங்கே சுவரைத் தொட முடியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதவில்லை.

"வேணாம்" வந்தது. "என்னுது" வந்தது. "அங்க பாரு" வந்தது. நீ சொன்ன வரிசையில், ஒன்று விடாமல். ஆராய்ச்சி செய்தவளுக்குத் தெரியாதா என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன், எல்லாக் குழந்தையும் ஒரே வரிசையிலா பேசுகிறது? டெய்லரம்மாவின் பேரன் முதலில் சொன்ன சொல் "பஸ்" என்றாளே.

போன வியாழன் குளிப்பாட்டிவிட்டு, பாத்ரூமில் தண்ணீர் ஓட்டைக்குள் சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிச் சுழலுக்குக் கையை ஆட்டினாள். "போயிட்டு வா தண்ணி" என்றாள்.

அக்கா, தண்ணீருக்கு யார் விடைகொடுப்பார்கள்? நான் சொல்லித் தரவில்லை. இவர் சொல்லியிருக்கமாட்டார், அவர் குளிப்பதே ஒன்றரை நிமிஷம். இந்த உலகத்தில் அதைச் செய்த ஒரு குழந்தையைத்தான் எனக்குத் தெரியும். அவளையும் இதே பாத்ரூமில் நான்தான் குளிப்பாட்டினேன்.

துண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, என்னைக் கூப்பிட்டாள். முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டாள். இரண்டரை வருஷமாக நான் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அவள் "சித்தி" என்றாள்.

என் வயிற்றில் பிறந்தது என்னைச் சித்தி என்கிறது. இவர் "எங்கேயோ கேட்டுட்டு வந்திருக்கா, விடு" என்கிறார். எங்கே கேட்பாள்? எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

தலையணைக்குள் இருப்பது யார் குரல்? இதை மட்டும் எழுது.

தங்கை


ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன். புதிய கார்டு உறைக்குள் இருக்கிறது. போன தடவை கார்டைப் போடும்போது திருப்பிப் போட்டிருக்கிறாய், இரண்டு நாள் பதிவாகவில்லை. வெட்டுப்பட்ட மூலை இடப்பக்கம் இருக்க வேண்டும்.

வாலு பிறந்த ஆறாவது நாளிலிருந்து அவள் சட்டையில் பதிவுக் கருவி இருந்தது உனக்குத் தெரியும். நீதான் எத்தனையோ தடவை மாட்டிவிட்டிருக்கிறாய். மூன்று வருஷம் இரண்டு மாதம். உலகத்தில் வேறு எந்தக் குழந்தையின் பேச்சும் அவ்வளவு முழுசாக யாரிடமும் இல்லை. ஆய்வில் மற்ற வீடுகளுக்குப் போனது வேறு இரண்டு பிள்ளைகளைப் பேசவைத்துச் செய்த பதிவு. உனக்கு அனுப்பியது வாலுவுடையது.

நல்ல பதிவைத்தானே தங்கை வீட்டுக்கு அனுப்புவேன்.

பாப்பா பேசுகிறாள். நீ கேட்டது அதுதான்.

அக்கா


மே 14

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே தலையணையை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். பாப்பா அதை வைத்த இடத்தைப் பார்த்தாள், அழவில்லை. பேச்சு நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். மறுபடியும் ஊமைக் குழந்தை. ஆறாம் நாள் அவள் கட்டிலின் காலடியில் காதை வைத்துப் படுத்திருந்தாள். பிறகு நாற்காலிக் குஷனில் வைத்தாள். பிறகு என் வயிற்றில் வைத்துக் கேட்டாள். அங்கேயும் ஒன்றும் இல்லை என்று எழுந்து போனாள். நான் ஸ்டூல் போட்டு ஏறித் தலையணையை இறக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஸ்விட்சை அணைக்க இரண்டு தடவை கை போனது. எதை அணைக்கிறேன் என்று நினைத்ததும் கை வரவில்லை.

மறுநாள் மதியம் பாப்பா வாசற்கதவருகே நின்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "சித்தி, அம்மா எப்ப வருவாங்க?"

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சொல் இல்லாத குழந்தை. இழுத்து, 'வருவாங்க' என்பதில் தலையைச் சாய்த்து. யார் வாயிலிருந்து அதைக் கடைசியாகக் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். அதைக் கேட்கத்தானே அனுப்பினாய்? கடைசி நாள் பதிவைக் கேட்டுவிட்டு மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து, என் பெண் வாயாலேயே கேட்க வைத்தாய். சரி. சொல்லிவிடுகிறேன்.

உன் மாநாட்டுக்கு நீ கிளம்பிய இரண்டாம் நாள் மாலையே வாலுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் ஏறியது என்று உன்னிடம் சொன்னது பொய். மருந்து கொடுத்தேன், ஈரத் துணி போட்டேன். அவள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அம்மாக்குப் போன் பண்ணிட்டேன், வந்துட்டே இருக்கா" என்றேன். நான் போன் செய்யவில்லை. மறுநாள் காலை நீ பேச வேண்டியிருந்தது, ஒரு வருஷம் அதற்காக உழைத்தாய். போகும்போது வாசலில், "சும்மா சும்மா போன் போட்டு உயிரை எடுக்காதே"ன்னு சிரித்துக்கொண்டு சொன்னாய். ஒரு காய்ச்சலைச் சமாளிக்கத் தெரியாதா எனக்கு என்று ஒரு திமிரும் இருந்தது. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் செய்தேன். அன்று மாலையே செய்திருந்தால் நீ ராத்திரி பஸ்ஸில் விடியற்காலை வந்திருப்பாய். பார்த்திருப்பாய்.

முன்னூற்றுப் பதினொன்று ஏன் என்று கேட்டாயே. ஒரு குழந்தையிடம் நான் கடைசியாகப் பேசியதெல்லாம் பொய். அதற்கப்புறம் இன்னொரு குழந்தை முன்னால் வாய் திறந்தால் எது வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

தங்கை


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. நீ சுகமா? ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று பார்த்தேன், நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். திட்டியாவது எழுது.

பாப்பா தினமும் அதைக் கேட்கிறாள். நான் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறேன்.

தங்கை


ஜூலை 2

தங்கைக்கு,

உடம்பு பரவாயில்லை.

உன் மே மாதக் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன்.

"அம்மா எப்ப வருவாங்க" என்பது நான் உனக்கு அனுப்பிய பதிவுகளில் நாற்பத்தாறு இடத்தில் இருக்கிறது. நான் எந்த ஊருக்குப் போனாலும், யாரிடம் விட்டுப் போனாலும் அவள் அதைக் கேட்டாள். எல்லாக் குழந்தையும் கேட்பதுதான். நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய்.

கடைசி இரண்டு நாளின் கார்டை ஆஸ்பத்திரியில் அவள் சட்டையோடு ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருஷமாக அதை நான் திறக்கவில்லை. காலையில்தான் காய்ச்சல் ஏறியது என்று நீ சொன்னாய், நம்பினேன். அதற்குமேல் அதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவைத்திருந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகு திறந்தேன்.

எண்ணுவது என் வேலை. மாலை ஆறு பத்திலிருந்து விடியும்வரை பதினொரு தடவை கேட்டிருக்கிறாள். பதினொரு தடவையும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறாய், குரல் மாறாமல், அன்பாக. பிறகு வெகுநேரம் அவள் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு நீ கேட்கிறாய்: "என்ன வாலு, அம்மா எப்ப வருவாங்கன்னு கேக்கலையா?" அவள் பதில் சொல்லவில்லை. அங்கே இருக்கிற நிறுத்தத்தை அளக்க உட்கார்ந்தேன். முடியவில்லை.

இத்துடன் ஒரு கார்டு. அந்த இரண்டு நாளையும் இதில் சேர்த்திருக்கிறேன். உன் குரலை வெட்டி எடுத்துவிட்டேன், அவள் மட்டும் இருக்கிறாள். இதைத் தலையணையில் போடு. பாப்பா பதில் சொல்லட்டும். அவளுக்குப் பொய் தெரியாது. ஒருத்தராவது என் பெண்ணுக்கு நிஜமான பதில் சொல்லட்டும்.

நான் அங்கே வருவதாக இல்லை.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவும் இவரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குத் தொண்டை போய்விட்டது, அதனால்தான் பேனா வேகமாக ஓடுகிறது.

நீ அனுப்பிய கார்டைப் போடவில்லை. உறையோடு அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையோடு என் பெண்ணைத் தனியாக அறையில் விட்டுக் கதவை ஒருக்களிக்க என்னால் முடியாது. அந்தக் குழந்தைக்கு நான் ஒரு தடவை செய்தது போதும் என்று நீயே நினைப்பாய், கோபம் ஆறினால்.

தலையணையைப் பறிக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. வேறு ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. பெரியவர் குரல் கேட்டால் அது பேசாது என்று நீதானே எழுதினாய். நான் பேசிக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்தேன்.

எட்டாம் தேதி காலை பாப்பா எழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். முதல் நாள் அரைமணி நேரத்தில் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. கரண்ட் பில்லைப் படித்துக் காட்டினேன். மருந்து அட்டையைப் படித்தேன். "இந்தச் சட்டைக்கு மூணு பட்டன், நாலாவது எங்க போச்சு, நீதான் முழுங்கிட்டியா" என்று கேட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு சொல்லாவது விழ வேண்டுமே, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். இரண்டாம் நாள் கடிகாரம் தேவைப்படவில்லை. காலேஜ் கதையெல்லாம் வந்தது. ஹாஸ்டல் வார்டன் மாதிரி நடந்து காட்டினேன். இவர் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்று, "யார் வந்திருக்கா?" என்று கேட்டார். யாருமில்லை, நான்தான் என்றேன். "அப்ப டிவிய வித்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கை கழுவினார். டெய்லரம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தாள்.

பாப்பா முதலில் தலையணையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னை. நான் நிறுத்துகிற இடத்தில் அவள் ஏதாவது சொல்வாள். "பட்டன் இல்ல." "பஸ் போச்சு." "அவங்க குண்டு." கூப்பிடும்போது மட்டும் சித்திதான். திருத்தவில்லை. திருத்தினால் அந்தச் சொல்லோடு வாலுவையும் அனுப்பிவிடுவேனோ என்று இருந்தது.

ஆறு நாள். தலையணை ஒரு தடவைகூடப் பேசவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். உள்ளே இருக்கிறவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு. அவளுக்கு என் கதைகள் பிடிக்கும்.

ஏழாம் நாள், போன திங்கள், காலையிலேயே குரல் கட்டிவிட்டது. வெந்நீர் குடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மதியத்துக்குள் காற்று மட்டும்தான் வந்தது. நானும் விடாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அது பெரியவர் குரலாகப் படவில்லை போலிருக்கிறது. ஜன்னல் வெயில் கட்டில்வரை வந்திருந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்து என் பழைய தாள்களில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். பென்சில் ஒடிந்து, "அய்யோ" என்றாள்.

இரண்டு விநாடி.

"என்னாச்சு சித்தி?" என்று என் மடியிலிருந்து கேட்டது.

அக்கா, நான் அந்தக் குரலை ஐந்து மாதமாகக் கதவுக்கு வெளியே நின்று கேட்காமல் இருந்தேன். வாலுதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. கடைசி எழுத்தை அப்படியே மேலே தூக்கி. என் தொடை சூடாக இருந்தது. பேட்டரியின் சூடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"சித்தி," என்றது மறுபடியும். "சித்தி, பேசு."

பாப்பா எழுந்து வந்தாள். தலையணையைப் பார்த்தாள், என் தொண்டையைப் பார்த்தாள். என் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அதனிடம் சொன்னாள்: "சித்தி இல்ல. இது அம்மா."

நான் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் பட்டதில்லை, இப்படிப் பயந்ததும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று உன் புத்தகங்களில் இருக்கிறதா?

இரண்டு விநாடி ஆயிற்று. நான் எண்ணினேன். மூன்று, நான்கு. அது பொருத்தமான பதிலைத் தேடுகிறது என்று நீ சொல்வாய். பிறகு கூப்பிட்டது. "அம்மா?" என்று. தூங்கி எழுந்த குழந்தை, அறையில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, அடுத்த அறைவரை கேட்கட்டும் என்று கூப்பிடுமே, அப்படி. "அம்மா?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன். அது என்னைக் கூப்பிடவில்லை, அக்கா. அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொண்டால் அதுவும் இன்னொரு பொய்.

மூன்று தடவை கூப்பிட்டது. பிறகு நின்றுவிட்டது. அன்று மாலையும் கூப்பிட்டது. நேற்றும்.

எழுந்து போய் உனக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் உனக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் வரும்வரை உன் வீட்டில் காரணமில்லாமல் அடித்த மணியெல்லாம் நான்தான். பயந்துகொண்டிருந்தால் மன்னித்துவிடு.

உன் பெண் உன்னைக் கேட்கிறாள். உடனே கிளம்பி வா. என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். அறையில் போய் உட்கார், நான் கீழே டெய்லரம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன். நீ குரல் கொடுத்தால் அது பேசாது, அதனால் முதலில் கேள். அப்புறம் பதில் சொல்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் மறுபடியும் போன் செய்வேன்.

உன் தங்கை